டிராக்கன்ஸ்பெர்க் முகட்டில் இரண்டு நாடுகள்: எல்லை தாண்டிய மலைக்காப்பை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவுக்கும் லெசோத்தோவுக்கும் இடையே டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஓடும் எல்லை ஒரு நீர்பிரி முகடு. முகட்டுக்குக் கிழக்கே விழும் மழை துகேலா, மூயி, உம்கோமாசி ஆறுகளாக இந்தியப் பெருங்கடலுக்கு இறங்குகிறது. மேற்கே சில அடி தள்ளி விழுந்தால் அதுவே செங்கு ஆறாகி, ஆரஞ்சு நதியாகி, அட்லாண்டிக்கில் போய்ச் சேர்கிறது. மூயி ஆற்றுத் தண்ணீரில் ஒரு பகுதியை, 2013-ல் கட்டி முடித்த ஸ்பிரிங் குரோவ் அணை வழியாக உம்கெனி ஆற்றுக்குத் திருப்பி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் குழாய்களுக்குக் கொண்டுவருகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் குடிப்பதும் வேறு மலையின் தண்ணீர் அல்ல. 1986-ல் கையெழுத்தான லெசோத்தோ மேட்டுநில நீர்த் திட்டத்தின்படி கட்சே அணையிலிருந்து சுரங்கக் குழாய் வழியாக வால் ஆற்றுக்கு வருவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நாட்டாலில் (குவாசூலு-நாட்டால் மாகாணம்) வனத்துறை, நகராட்சி, தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம் என்று இந்த மலைக்காப்பு வேலைக்குள் இருக்கிற, அல்லது நுழையப் போகிற தமிழர்களுக்காக எழுதியது இது. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையைச் சேர்ந்து காப்போம் என்று இரு நாட்டு அமைச்சர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கீழே வேலை தானாக நடக்கும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள். தீ, மாடு, விஷம் ஆகிய மூன்றுக்காகவும் முகட்டின் இரு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் அழைக்கும் பழக்கம் வந்த இடத்தில்தான் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்.

படி 1: யாரிடம் அதிகாரம் என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் முதல் குழப்பம். நாட்டால் பக்கத்து உக்காலாம்பா டிராக்கன்ஸ்பெர்க் பூங்காவை நடத்துவது எசெம்வெலோ கேஇசட்என் வைல்ட்லைஃப்; அது மாகாண அமைப்பு. லெசோத்தோவின் செஹ்லபாதேபே தேசியப் பூங்காவை நடத்துவது நேரடியாக மத்திய அமைச்சகம். ஆக, பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேலாளர் ஒருவர் லெசோத்தோ தலைநகர் மசேருவில் உள்ள இயக்குநருக்குக் கடிதம் எழுதினால், அங்கே அது ‘ஒரு மாகாண அலுவலகம் ஒரு நாட்டுக்கு எழுதிய கடிதம்’ ஆகிவிடும். பதில் வராமல் போவதற்குப் பகை காரணமாக இருக்க வேண்டியதில்லை. படிநிலை பொருந்தாததே போதும். பிரிட்டோரியாவில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் துறை வழியாக முதல் கடிதம் போகட்டும். அதிலேயே ‘அன்றாட விஷயங்களுக்கு இன்ன பதவியில் இருப்பவரும் இன்ன பதவியில் இருப்பவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஐந்து வருட அலைச்சலை அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

அரசு அலுவலகங்களோடு பட்டியல் முடிந்துவிடாது. லெசோத்தோவில் மேய்ச்சல் நிலத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் ஊர்த்தலைவரின் சொல்லுக்கு எடை அதிகம். அவருக்கு மேலே முதன்மைத் தலைவர், பக்கத்தில் சமுதாய மன்றம், மேய்ப்பர் சங்கம். நாட்டால் பக்கத்தில் பாரம்பரியத் தலைவர்களான அமக்கோசிகள், பூங்காவை ஒட்டிய தனியார் பண்ணைக்காரர்கள். இவர்களில் ஒருவரை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டாலும், விடுபட்டவருடைய நிலத்தில்தான் அடுத்த தீ தொடங்கும்.

மொழியையும் பட்டியலில் சேருங்கள். மேலே செசோத்தோ, கீழே இசிசூலு. செசோத்தோவிலேயே லெசோத்தோ எழுத்துமுறை வேறு, தென்னாப்பிரிக்க எழுத்துமுறை வேறு. மலையின் பெயரையே ஒரு பக்கம் ‘மலோட்டி’ என்றும் மறுபக்கம் ‘மலூட்டி’ என்றும் எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்க எழுத்துமுறையில் அச்சடித்த அறிவிப்பை மேலே கொண்டுபோய் ஒட்டினால், ‘இது நமக்கு எழுதியதல்ல’ என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஒரே வரைபடம்

தென்னாப்பிரிக்கா 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டிபீஸ்ட்ஹூக் 94 என்ற நில அளவை அடிப்படைக்கு (வரைபட ஆய எண்களை எதை வைத்துக் கணக்கிடுவது என்ற வரையறைக்கு) மாறியது. அதற்கு முந்தைய வரைபடங்கள் ‘கேப்’ என்ற பழைய அடிப்படையில் உள்ளவை. லெசோத்தோவின் பழைய தாள்களும் அப்படியே. இரண்டையும் கலந்தால், மீட்டரில் குறிக்கும் ஆய எண்களில் ஒரே பாறைக்கு வடக்கு-தெற்காக ஏறத்தாழ 300 மீட்டர் வித்தியாசம் வரும். முகட்டில் 300 மீட்டர் என்றால் வேறு நாடு! எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் அதன் அடிப்படை என்ன என்று கேட்டு, தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். ரேஞ்சர்களின் ஜிபிஎஸ் கருவிகள் எல்லாவற்றையும் ஜிபிஎஸ்ஸின் உலகப் பொது அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள். ஹார்ட்டிபீஸ்ட்ஹூக் 94-உடன் அது களவேலைக்குப் போதுமான அளவு ஒத்துப்போகும்.

வரைபடத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தண்ணீர் ஊறும் மேட்டுச் சதுப்புகள், மேய்ச்சல் கிடைகள், மாடு ஏறி இறங்கும் கணவாய்கள், பாறுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) கூடுள்ள செங்குத்துப் பாறைகள், மின்கம்பி வழிகள். இருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்கள் இருக்கும் இடம் பொதுப் பிரதியில் வரவே கூடாது. உக்காலாம்பாவில் பதிவான குகைத்தலங்கள் 600-க்கும் மேல், ஓவியங்கள் சுமார் 35,000. நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் ஒரு ஆள் போதும், நூற்றாண்டுகளாக நின்ற நிறம் உரியத் தொடங்க.

படி 3: காகிதத்தில் என்ன எழுதுவது

மலோட்டி-டிராக்கன்ஸ்பெர்க் பகுதிக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2001 ஜூன் 11 அன்று செஹ்லபாதேபேயில் கையெழுத்தானது. இதன் பிராந்திய அடிப்படை, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான வளர்ச்சிச் சமூகத்தின் (எஸ்ஏடிசி) 1999-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்பு நெறிமுறை. கலகாடி பூங்காவுக்கு போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் 1999-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு வகை. அங்கே நடுவில் ஊரோ கிடையோ கிடையாது, இரண்டு பூங்காக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வாசகத்தை அப்படியே எடுத்து மக்கள் வாழும் மலைக்கு ஒட்டவைத்தால் பொருந்தாது.

முக்கிய ஒப்பந்தம் நாலைந்து பக்கம் போதும். அது சட்டத்துறைகளின் வாசலில் மாதக்கணக்கில் கிடக்கும், திருத்துவதும் கடினம். அன்றாட விவரங்களை இணைப்புகளாகப் பிரித்து, பூங்கா மேலாளர்கள் மட்டத்திலேயே திருத்தலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தீ, மேய்ச்சலும் திருட்டும், விஷச் சம்பவமும் மாதிரிகளும், தரவுப் பகிர்வு, தேடல்-மீட்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி இணைப்பு. ஒவ்வொன்றிலும் நாலு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: யார் யாரை அழைப்பது, எத்தனை மணி நேரத்துக்குள், யார் எல்லை தாண்டலாம், செலவு யாருடையது.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மழுப்புவார்கள். ரேஞ்சர் துப்பாக்கியோடு முகட்டைத் தாண்டிவிட்டால் அந்த நொடியிலிருந்து அவர் அனுமதியில்லாமல் வேறு நாட்டில் ஆயுதத்தோடு நிற்பவர். துரத்திக்கொண்டு போவது பற்றி எழுத்தில் ஏற்பாடு இல்லையென்றால், முகட்டில் நின்று எதிர்ப் பக்கத்துக் காவலை அழைப்பதுதான் விதி என்று தெளிவாக எழுதுங்கள்.

படி 4: தீ

இதற்குக் கூடுதல் இடம் தருகிறோம். மற்ற ஒத்துழைப்பெல்லாம் தேறுமா தேறாதா என்பது முதல் தீக்காலத்திலேயே தெரிந்துவிடும்.

டிராக்கன்ஸ்பெர்க் புல்வெளிக்குத் தீ வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சரியான பருவத்தில் எரிந்தால் புல் அடர்ந்து தழைக்கும். எரியவே விடாமல் வைத்தால் காய்ந்த புல் சேர்ந்து, பிறகு ஒருநாள் அடங்காத தீயாக வரும். மேலே மேய்ப்பர்கள் வசந்தத் தொடக்கத்தில் இளந்தளிருக்காக வைக்கும் தீக்கும் அவர்களுக்குரிய நியாயம் இருக்கிறது. எப்போது, எந்தத் துண்டில் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

ஆபத்துக் காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து மலை தாண்டி இறங்கும் சூடான வறண்ட ‘பெர்க் காற்று’ அடித்தால் முகட்டில் வைத்த தீ நாட்டால் பக்கம் சரியும். ஆகவே வேலை பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும்.

பிப்ரவரி-ஏப்ரலில், புல் பச்சையாக இருக்கும்போதே, தீத்தடுப்புக் கோட்டின் இரு ஓரங்களையும் குறிக்க வேண்டும். 20 முதல் 30 மீட்டர் இடைவெளியில் இணையாக இரண்டு வரிகள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் அகலம். அந்த வரிகளில் புல்லை அறுத்தோ களைக்கொல்லி தெளித்தோ முன்கூட்டியே காயவிட்டு, காய்ந்ததை எரித்துவிடுவார்கள். சுற்றிலும் பச்சை இருப்பதால் தீ தாண்டாது. முதல் உறைபனி விழுந்து மற்ற புல்லும் காய்ந்த பிறகு, மே-ஜூனில், இரண்டு வரிக்கும் நடுவே உள்ள பட்டையை எரிக்க வேண்டும். ஒரு ஓரத்துக்கு ஒரு குழு: சொட்டுத் தீப்பந்தம் ஒன்று (டீசல் 3 பங்கு, பெட்ரோல் 1 பங்கு, பெட்ரோல் கூடினால் பந்தம் கையிலேயே வெடிப்பாகப் பற்றும்), முதுகில் மாட்டும் தண்ணீர் ஸ்ப்ரேயர் இரண்டு, தீ அடிக்கும் மட்டையோடு நாலைந்து பேர், இவர்களோடு எரிக்கும் வேலையே செய்யாமல் காற்றையும் பின்பக்கத்தையும் மட்டும் பார்க்கும் ஒருவர். கடைசி ஆளைக் குறைத்துச் சம்பளம் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. தீ தாண்டுவது பெரும்பாலும் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால்தான்.

எங்கே தவறுகிறது? வரி போடுவதைத் தள்ளிப்போட்டு எல்லாப் புல்லும் காய்ந்த பிறகு தொடங்கினால், அந்த வரியைத் தனியாக எரிக்கவே முடியாது. மேட்டுச் சதுப்புக்கு நடுவே கோடு போனால் கரிமண் அடியில் புகைந்துகொண்டே கிடந்து, நாலைந்து நாள் கழித்துக் காற்றடிக்கும்போது மறுபடி எழும். சதுப்பைச் சுற்றிக் கொண்டுபோங்கள்; பாறை, ஓடை, ஒற்றையடிப் பாதை எது கிடைத்தாலும் கோட்டின் பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் இரு பக்கமும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் புல்வெளி-காட்டுத்தீச் சட்டப்படி, தீ தொடங்கவோ பரவவோ கூடிய நிலத்தின் உரிமையாளர் தன் எல்லையில் தீத்தடுப்புக் கோடு வைத்தே ஆக வேண்டும். உள்ளூர்த் தீத்தடுப்புச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர்மீது வழக்கில் அலட்சியம் இருந்ததாக முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்படும். முகட்டுக்கு மேலே இந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் எரிக்கும் தேதிகளை ஊர்த்தலைவரோடு உட்கார்ந்து குறிக்க வேண்டியிருக்கிறது. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற தீ அபாய நிறங்களை மேலே உள்ளவர்களுக்கும் தினம் காலையில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். கைப்பேசி எடுக்காத இடங்கள் நிறைய என்பதால் இருபுறமும் பேசும் வானொலிக் கருவி வேண்டும். நம் கருவியைத் தூக்கி அங்கே கொடுத்துவிட முடியாது; பொது அலைவரிசை ஒன்றுக்கு இரு நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் உரிமம் தர வேண்டும். விண்ணப்பத்தை ஒரு வருடம் முன்னால் போடுங்கள்.

அழைப்புத் தாள் என்று ஒன்று ஒவ்வொரு சாவடிச் சுவரிலும் தொங்க வேண்டும். பதவி, இரண்டு எண்கள், பேசும் மொழி, அவர் தாமாகவே முடிவெடுக்கக்கூடியது எது, அவர் இல்லையென்றால் யார் என ஐந்து பத்திகள். மே மாதமும் அக்டோபரிலும் புதுப்பியுங்கள். புதுப்பித்த அன்றே எல்லா எண்ணையும் அழைத்துப் பாருங்கள். பாதி எண்கள் மாறியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்தத் தாளுக்கு அளவெடுத்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

படி 5: மாடும் சதுப்பும்

கோடையில் கிடைகளை மேலே ஏற்றி, குளிர்காலத்தில் ஊருக்கு இறக்குவது பாசோத்தோ மேய்ப்பர்களின் நடைமுறை. சில மேய்ச்சல் துண்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைக்கும் ‘லெபோயெல்லா’ என்ற பழைய ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நாம் கொண்டுபோகும் புதிய திட்டத்தைவிட அதை நிமிர்த்தி நிறுத்துவது எளிது, மக்களும் ஏற்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சதுப்பின் ஓரம். மேலேறியதும் மாடு நேரே போவது பச்சையாக இருக்கும் அந்த ஈரநிலத்துக்குத்தான். குளம்பு பட்டுக் கரிமண் உடைந்தால் ஒரு வாய்க்கால் விழும், அடுத்த மழையில் அது ‘டாங்கா’வாக, அதாவது ஆழமான அரிப்புப் பள்ளமாகப் பிளக்கும், தண்ணீரை மெல்லக் கசியவிட வேண்டிய பஞ்சு ஒரே வாரத்தில் வடிந்துவிடும். வாய்க்கால் முழங்கால் ஆழத்துக்குள் இருக்கும்போதே உள்ளூர்க் கல்லை அடுக்கித் தடுத்துவிட வேண்டும். கல்லடுக்கின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். சமமாக அடுக்கினால் தண்ணீர் ஓரத்தைக் குடைந்து புதுப் பாதை போடும்.

மாட்டுத் திருட்டு இந்த எல்லையின் ஆறாத புண். இதில் பூங்கா ஊழியர்கள் போலீஸ் வேலை பார்க்கத் தொடங்கினால் மேய்ப்பர்களின் நம்பிக்கை போய்விடும், அதற்குப் பிறகு தீயைப் பற்றிய தகவலும் வராது. தடத்தையும் நேரத்தையும் குறித்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: விஷம் வைத்த பிணம்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் தாடிப் பாறுகள் கூடு கட்டுவது இந்த மலைத்தொடரில் மட்டுமே. இனப்பெருக்க இணைகள் நூறு அளவில்தான் எஞ்சியுள்ளன. நரிக்கு வைத்த விஷம், மருந்துச் சரக்குக்காகப் பாறுக்கே வைத்த விஷம், மின்கம்பி எல்லாம் சேர்ந்து குறைத்துவிட்டன. கூட்டில் இரண்டு முட்டையிட்டாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும் என்பதால் இரண்டாவது முட்டையை எடுத்து வளர்க்கும் திட்டமும் நடக்கிறது.

செத்த மாட்டின் அருகே செத்த பறவை கிடந்தால், வெறுங்கையால் தொடாதீர்கள். சில பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே ஏறும். முதலில் தூரத்திலிருந்து படமும் ஜிபிஎஸ் புள்ளியும். அடுத்து, மற்ற பறவை இறங்காதபடி பிணத்தைத் தார்ப்பாயாலோ கிளையாலோ மூடுங்கள். இதில் தாமதித்த ஒரு மணி நேரத்தில் ஒரு கூட்டமே இறங்கிவிடும். பிறகு நைட்ரைல் கையுறையோடு மாதிரி: பறவையின் தீனிப்பை, ஈரல், மாட்டிறைச்சித் துண்டு, அருகே உள்ள மண். தனித்தனி உறை, தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து, குளிர்ப்பெட்டி. உறை கைமாறும் ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் மாதிரி செல்லாமல் போகலாம்.

இடறுவது அடுத்த கட்டத்தில். ஆய்வகம் தென்னாப்பிரிக்காவில், பிணம் லெசோத்தோவில். தாடிப் பாறு சைட்ஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு) பட்டியலில் உள்ள பறவை. அதன் ஈரல் துண்டு எல்லை தாண்ட அந்த அனுமதியும் கால்நடைத்துறை அனுமதியும் வேண்டும். சம்பவம் நடந்த பிறகு விண்ணப்பித்தால் ஐஸ் உருகிவிடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே இரு பக்கத்திலும் பேசி, அவசர மாதிரிகளுக்கான நடைமுறையை எழுதி வாங்கி வையுங்கள்.

படி 7: வாட்டில் மரம்

வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய களைமரம். அதை வெட்டும் முறை சுருக்கமாக: ஆற்றின் மேற்பகுதியில் தொடங்கிக் கீழே வாருங்கள். கீழே வெட்டி முடித்தாலும் மேலிருந்து விதை வந்துகொண்டே இருக்கும். தரையோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையில் சாயம் கலந்த களைக்கொல்லியை உடனே பூசுங்கள். எந்தக் கட்டையில் பூச மறந்தோம் என்பதைச் சாயம் காட்டிக்கொடுக்கும். விதை மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆகவே வெட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் மறுவருகைக்கும் பங்கு வேண்டும், இல்லையென்றால் வெட்டவே வேண்டாம். லெசோத்தோவில் விறகு அரிது என்பதால் வாட்டிலை விரும்பி வளர்க்கிறவர்கள் உண்டு. மாற்று விறகைப் பற்றிப் பேசாமல் கோடரியோடு போகாதீர்கள்.

படி 8: உலக மரபுப் பட்டம்

உக்காலாம்பா 2000-ல் இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2013-ல் செஹ்லபாதேபேயின் 6,500 ஹெக்டேர் சேர்ந்து மலோட்டி-டிராக்கன்ஸ்பெர்க் பூங்கா ஆனது. மொத்தம் 2,49,313 ஹெக்டேர். இப்படிப் பெரிய அளவில் எல்லையை விரிப்பது புதிய விண்ணப்பத்துக்குச் சமம். நாட்டின் உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும். பிப்ரவரி 1-க்குள் முழுக் கோப்பு. பிறகு இயற்கைப் பகுதியை ஐயுசிஎன் அமைப்பும் பண்பாட்டுப் பகுதியை இகோமோஸ் அமைப்பும் நேரில் வந்து பார்க்கும். முடிவு அதற்கு அடுத்த வருடம்.

பட்டம் வாங்குவதைவிட வைத்துக்கொள்வது கடினம். சாலை, கம்பிவண்டி, காற்றாலை, சுரங்கம் எது வந்தாலும் திரும்ப முடியாத முடிவெடுப்பதற்கு முன் யுனெஸ்கோவின் உலக மரபுக் கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பக்கம் அனுமதித்த திட்டத்துக்கு இரு நாடும் சேர்ந்துதான் பதில் எழுத வேண்டியிருக்கும். ஆகவே சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிவிப்புகளை இரு அலுவலகங்களும் ஒருவருக்கொருவர் அனுப்பும் ஏற்பாடு இணைப்பில் இருக்கட்டும்.

படி 9: பணம்

உலகச் சுற்றுச்சூழல் நிதியம் உலக வங்கி வழியாகக் கொடுத்த சுமார் 1.5 கோடி அமெரிக்க டாலரில் இந்த மலையின் முதல் பெரிய திட்டம் நடந்தது. அந்த நிதியத்திடம் போகும்போது இரு நாட்டுத் தொடர்பு அதிகாரிகளும் தனித்தனி ஒப்புதல் கடிதம் தர வேண்டும். கணக்கும் கொள்முதல் விதியும் இரண்டு என்பதால், ஒரே கருவியை ஒருவர் மார்ச்சிலும் மற்றவர் நவம்பரிலும் வாங்குவது சகஜம். லோட்டியும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று; ஆனால் மேலே ராண்ட் செல்லும், டர்பனில் லோட்டி செல்லாது. களச்செலவுக்கு ராண்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டப் பணத்தில் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கும்போதே, பணம் தீர்ந்த மறுமாதம் அவர் சம்பளம் எந்தத் துறையின் நிரந்தரப் பட்ஜெட்டில் ஏறும் என்று எழுதி வாங்குங்கள். வாங்காவிட்டால் கடைசி நாளில் அவர் போவார். அழைப்புத் தாளில் இருந்த எண்களும் அவரோடு போகும்.

படி 10: தன்னார்வலர்களை மேலே கூட்டிச் செல்வது

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழ்ச் சங்கங்களும் கோயில் இளைஞர் குழுக்களும் வாட்டில் வெட்டவோ கல் அடுக்கவோ வர விரும்பினால் அழைத்துப் போகலாம். வாட்டில் மறுவருகைதான் அவர்களுக்கு ஏற்ற வேலை, நாற்றாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். முகட்டுக்கு அந்தப் பக்கம் வேலை என்றால் ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டு வேண்டும். சானி கணவாய்ச் சாவடி காலை 6 முதல் மாலை 6 வரைதான். 2,800 மீட்டருக்கு மேலே உள்ள அந்த உச்சிக்கு ஏறத் தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டி கட்டாயம். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் இடி இறங்கும். காலை ஏழுக்கு வேலை தொடங்கி, ஒரு மணிக்குக் கருவிகளை எண்ணிக் கட்டி, மூன்றுக்கு முன் சாவடியில் இருக்கும்படி திட்டமிடுங்கள். செருப்பு அடியிலும் ஸ்ப்ரேயர் குழாயிலும் ஒட்டிய விதையைக் கீழே இருக்கும்போதே தட்டிவிட்டு ஏறுங்கள்.